கதவில் தோள் கொடுத்தவள்

அந்தச் சின்னக் கதை வந்த அன்றைக்கு என் பேசினில் ஒரு கை இறால் கூட விழவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் புரியாது.

காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் எனக்கு வேலை. பதினாறு பொம்பளைகள். ரெண்டு வரிசையாக எதிரும் புதிருமாகக் குந்தியிருப்போம். நடுவில் ஐஸும் இறாலும் கொட்டிக் கிடக்கும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை இழுத்துப் போட்டுவிட்டுச் சதையை அவரவர் பேசினில் போட வேண்டும். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பேசின் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பாத பேசினை மேஸ்திரி காலால் தள்ளிக் காட்டுவான். ஒரு வாரம் அப்படித் தள்ளினான் என்றால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்ல மாட்டான்.

பன்னிரண்டு வருஷம் உரித்தேன். இறால் தண்ணி கையைத் தின்னும். எல்லோர் கையையும் தின்னும். என் கையைக் கூடுதலாகத் தின்றது. விரல் இடுக்கில் எல்லாம் சேற்றுப்புண். நகத்தைச் சுற்றித் தோல் கழண்டு உள்சதை தெரியும். கிளவுஸ் போட்டால் உள்ளே தண்ணி பூந்து இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தண்ணியில கை வைக்காதீங்க" என்றார். எத்தினி நாளைக்கு என்று கேட்டேன். "ஆறுற வரைக்கும்" என்றார். வேலையே தண்ணியில்தான் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் ஷெட்டில் வாய் விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஷெட்டில் எல்லோரிடமும் போன் உண்டு. ஆனால் எல்லார் கையும் ஈரம். ஈரக் கை பட்டால் போன் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். எதையாவது பேச விட்டு வைக்கலாம் என்றால் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. ஒரு உலர்ந்த கையும் ஒரு பெரிய தொண்டையும் வேண்டும். என்னிடம் ரெண்டும் இருந்தது. அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன்.

என் பொண்ணு போனில் கதை ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தாள். கை ரொம்ப மோசமான ரெண்டு நாள், தண்ணியில் வைக்காமல் நான் சும்மா சத்தமாகப் படித்தேன். மூன்றாம் நாள் முதல் வரிசை அக்கா, தான் உரித்த இறாலில் ஒரு கை அள்ளி என் பேசினில் போட்டாள். "நீ படி. நிறுத்தாத" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது. கை போடறது என்று அதற்குப் பேர். யாரும் எண்ண மாட்டார்கள். கதை ஓடினால் கை நிறைய விழும். கதை இழுத்தால் கை நிற்கும். ரெண்டு மணிக்கு என் பேசினும் நிரம்பிவிடும். மேஸ்திரிக்குப் பேசின்தான் கணக்கு. யார் கை என்று அவன் பார்க்கவில்லை.

அக்கா என்று நான் சொல்வது அந்த ஒருத்தியைத்தான். கல்மண்டபத்துக்காரி. அறுபதைத் தொடப் போகிறாள். எழுத்து தெரியாது. ஷெட்டில் அவள் போட்டால் எல்லோரும் போடுவார்கள். அவள் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்துவார்கள்.

ரெண்டு வருஷமாக நாங்கள் படித்தது ஒரே கதை. கடலுக்கு அடியில் ஒரு நாடு. அதற்குக் கல்லால் ஒரு கதவு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திறக்கும். அந்த நாட்டு இளவரசனுக்கு மார்பில் செதில். யாரையாவது விரும்பினால் செதில் மின்னும். கரையில் இருந்து ஒரு மாலுமி மகள் தவறி அங்கே போய் விழுகிறாள். அவளைப் பார்க்கிறான். மின்னுகிறது.

செதில் வந்த முதல் நாளே அக்கா சொன்னாள். "செதிலு தான? அவன நம்ம ஷெட்டுக்கு அனுப்பச் சொல்லுமே. நாலு நிமிஷத்துல சுத்தம் பண்ணி ஐஸ்ல வச்சுடலாம்."

அன்றைக்குச் சிரித்ததில் ஒருத்தி பேசினையே கவிழ்த்தாள். அப்படிப் பேசினாலும் அந்த இளவரசன் மேல் எல்லோருக்கும் உயிர். எங்களுக்கு அவன் ராஜா. அவன் வராவிட்டால் கை விழாது. "ராஜா எங்கமே?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்பார்கள். அவன் வந்தால் மழை மாதிரி விழும்.

ரெண்டாம் பாகம் எப்படி முடிந்தது தெரியுமா. கதவு மூடப் போகிற நேரம். மாலுமி மகள் ஓடுகிறாள். ராஜாவைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டே வருகிறது. கடைசி நொடியில் அவள் வெளியே போய்விடுகிறாள். கதவு மூடுகிறது. அவள் அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம். இன்னும் பன்னிரண்டு வருஷம். முற்றும்.

அக்கா இறாலை ஐஸில் விட்டடித்தாள். "எழுதுனவளக் கூப்டுமே. ரெண்டு கேள்வி கேக்கணும்."

ஏழு மாசம் காத்திருந்தோம். நடுவில் வேறு கதைகள் படித்தேன். சுமாராக விழுந்தது. தினமும் காலையில் உட்காரும்போதே கேட்பார்கள். "மூணாவது வந்துச்சா?" என் வயிறு அதில் இருந்தது. என் கை அதில் இருந்தது. அவர்களை விட நான்தான் அதிகம் காத்திருந்தேன்.

ஒரு நாள் போனில் அந்தக் கதை ஆப் மணி அடித்தது. வந்துவிட்டது என்றது. திறந்தேன். மூன்றாம் பாகம் இல்லை. எழுதியவர் ஒரு குறிப்பு போட்டிருந்தார். மூன்றாம் பாகத்துக்கு இன்னும் நாளாகுமாம். அதுவரைக்கும் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதையாம். பன்னிரண்டே அத்தியாயம். அரண்மனையில் விளக்கு ஏற்றுகிற பணிப்பெண்ணின் காதல் கதையாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சோறு கேட்டால் ஊறுகாய் வைக்கிறார்கள். ஆனாலும் கையில் வேறு எதுவும் இல்லை. படித்தேன்.

"யாரு இவ?" என்றாள் அக்கா.

"விளக்குக்காரி. அரமனையில விளக்கு ஏத்தறவ."

"முன்ன வந்தாளா?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ராஜா எங்க?"

"வருவாரு."

ஒரு பக்கம் போயிற்று. விளக்குக்காரி திரி திரிக்கிறாள். எண்ணெய் ஊற்றுகிறாள். கரியைத் துடைக்கிறாள்.

"இன்னாமே இது" என்றாள் அக்கா. "தொடைக்கறா, கழுவறா, மறுபடியும் தொடைக்கறா. இதத்தான் காலையில எங்க வூட்ல பண்ட்டு வந்தேன். கதையிலயும் அதான் கேக்கணுமா?"

அவளுக்கு ஜோடியாக வருகிறவன் உப்பு மூட்டை தூக்குகிறவன். அதைப் படித்ததும் எதிர் வரிசையில் ஒருத்தி, "எங்க வூட்டுக்காரரும் ஹார்பர்ல மூட்டதான் தூக்கறாரு. பத்தொம்போது வருஷமா பாக்கறேன். ஒரு நாளும் மின்னல" என்றாள். ஷெட்டே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசினைப் பார்த்தேன். காலி. அக்கா கையைப் பார்த்தேன். உரிக்கிறாள். தன் பேசினில் போடுகிறாள். ஒரு தரம் கூட என் பக்கம் திரும்பவில்லை.

பதினோரு மணிக்குப் போனை மடியில் கட்டினேன். கையை ஐஸில் விட்டேன். அந்த எரிச்சலை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மிளகாய் அரைத்த அம்மியில் வெறும் கையை வைத்துத் தேய்த்த மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தேன். அன்றைக்கு என் பேசினில் பாதிதான். மேஸ்திரி காலால் தள்ளினான்.

ரெண்டாம் நாளும் படித்துப் பார்த்தேன். "நிறுத்துமே, பேஜாரு பண்ணாத" என்றார்கள். நிறுத்தினேன். உரித்தேன். மறுபடியும் பாதி. மறுபடியும் தள்ளினான்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் தண்டையார்பேட்டைப் பொண்ணு. பாய் வூட்டுப் பொண்ணு. பன்னிரண்டாவது படித்தவள். அவள் மட்டும் யாரும் பார்க்காதபோது ஒரு கை அள்ளி என் பேசினில் போட்டாள். அதை அள்ளித் திருப்பி அவள் பேசினிலேயே போட்டேன்.

"பிச்ச போடறியா?"

"பிச்ச இல்லக்கா. எனக்கு அந்த உப்புக்காரன் புடிச்சிருந்துச்சு. மேல இன்னா ஆவுது?"

"எனக்கு இன்னா தெரியும்? யாரு படிக்க வுட்டா?"

அவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. கோபத்துக்கு அது தெரியவில்லை.

அன்றைக்கு ராயபுரத்தில் மூணு மணி வண்டி ஏறினேன். என் வீடு விம்கோ நகரில். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விரல்களை விரித்துக் காத்தில் காட்டிக்கொண்டு, கட்டை விரலால் போனைத் திறந்தேன். அந்தச் சின்னக் கதையைத் திட்டிக்கொண்டேதான் படித்தேன். என் பிழைப்பைக் கெடுத்தது எது என்று பார்த்துவிடலாம் என்று.

கதை இது. விளக்குக்காரியும் உப்புக்காரனும் அந்த நாட்டை விட்டுப் போக முடிவு பண்ணுகிறார்கள். கதவு திறக்கிற அன்றைக்கு அவன் உப்பு மூட்டையோடு முதலில் வெளியே போய்விடுகிறான். அந்தப் பக்கம் நிற்கிறான். இவள் கடைசி விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும். வருகிறாள். கதவு மூடிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து எட்டு வைத்தால் அவள் வெளியே. அப்போது பின்னால் மாலுமி மகள் ஓடி வருகிறாள். அவளால் எட்ட முடியாது. விளக்குக்காரி நின்றுவிடுகிறாள். கதவில் தோள் கொடுக்கிறாள். கல்கதவு. கையை உள்ளே விட்டு முட்டுக் கொடுக்கிறாள். மாலுமி மகள் அவள் கைக்குக் கீழே குனிந்து வெளியே போகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு மூடுகிறது. கை போய்விடுகிறது. உப்புக்காரன் அந்தப் பக்கம். இவள் இந்தப் பக்கம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய் என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. எதிரே கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள். பொய்தான். ரெண்டாம் பாகம் முழுக்க நான்தான் படித்தேன். வாய் வலிக்கப் படித்தேன். கதவு மூடுகிற இடத்தில் எவளும் இல்லை. இப்போது வந்து நான்தான் பிடித்தேன் என்கிறாள். விற்பதற்காக நடுவில் சொருகுகிறார்கள்.

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க ரெண்டாம் பாகத்தைத் திறந்தேன். கடைசி அத்தியாயம்.

இருந்தாள்.

'விளக்கேந்தி வந்த பணிப்பெண் ஓடிச்சென்று கதவில் தோள் கொடுத்தாள்.' அதற்கு அப்புறம் இன்னும் மூணு வரி. அவள் முகம் எப்படி இருந்தது என்று. அவள் விளக்கு எங்கே விழுந்தது என்று.

நான் அந்த நாலு வரியைத் தாண்டியிருக்கிறேன்.

எப்படித் தாண்டினேன் என்று எனக்குத் தெரியும். படித்துப் படித்து என் கண் பழகிவிட்டது. ராஜா பேர் எங்கே, மாலுமி மகள் பேர் எங்கே என்று பக்கத்தில் தேடும். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு அங்கே குதிக்கும். வேலைக்காரர்கள், சமையல், பல்லக்கு, விளக்கு எல்லாம் வந்தால் அக்கா கை நிற்கும். அவள் கை நின்றால் என் கை தண்ணிக்குப் போகும். அதனால் குதித்தேன். யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தேன்.

விம்கோ நகர் வந்து போனது. நான் இறங்கவில்லை. கத்திவாக்கத்தில்தான் இறங்கினேன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பாகத்தை முதல் வரியில் இருந்து தேடினேன். எதிரே புகைக்கூண்டு. மூக்கில் கந்தகம் ஏறியது. ரெண்டு வண்டி போனது. விளக்குக்காரி அங்கே ஒரு இடத்தில் வருகிறாள். இங்கே ஒரு இடத்தில் வருகிறாள். மாலுமி மகளுக்குக் கொடுத்த பாலைக் குடிக்காதே என்று கண்ணால் ஜாடை காட்டினது அவள்தான். ராஜா ஒளிந்திருந்த அறை விளக்கை அணைத்தது அவள்தான். நாங்கள் எல்லாம் ராஜா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு இடத்தில் கூட அவளை நான் வாய் விட்டுப் படிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் பொண்ணு கையில் மருந்து போட வந்தாள். "போடி" என்றேன். அவள் என்ன பண்ணினாள் பாவம். மருந்து டியூபை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு சமாதானம் சொன்னாள். "அந்தச் சனியன வுடுமே. பழசையே மறுபடியும் படி. முதல் பாகத்துல இருந்து. நாங்க கை போடறோம். மூணாவது வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்."

நல்ல வழி. என் கைக்கு அதுதான் வழி. ஆமாம் என்று சொன்னால் அந்த நிமிஷமே கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் பழசைப் படித்தால் விளக்குக்காரி வருவாள். வந்தால் ரெண்டு வழி. வாய் விட்டுப் படித்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். முன்னே இவள் எங்கே இருந்தாள் என்று கேட்பாள். மறுபடியும் தாண்டினால், இப்போது தெரிந்தே தாண்டுகிறேன். ரெண்டும் என்னால் ஆகாது.

"படிக்க மாட்டேன்" என்றேன்.

"இன்னா?"

"பழசு படிக்க மாட்டேன். படிச்சா அந்தச் சின்னக் கததான் படிப்பேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கையப் பாரு, கோழி கொத்துன மாதிரி கீது. திமிரப் பாரு, எம்மாம் பெருசு."

"ஆமா. திமிருதான்."

"அப்ப உரி."

உரித்தேன். ஐஸ் மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அக்கா மேல் கோபம். அவள் பின்னாலேயே ஆடுகிற பதினாலு பேர் மேல் கோபம். நாலு வரி எழுதிவிட்டு நகர்ந்துபோன அந்த எழுத்துக்காரர் மேல் கோபம். அவ்வளவு பெரிய காரியத்துக்கு நாலே வரியா? எல்லோர் மேலும் கோபப்பட்டு முடித்தால் மிச்சம் நான்தான் நின்றேன். அந்த நாலு வரிக்குக் கூட எனக்குப் பொறுமை இல்லையே. அதனால் இறால் தலையை வேகமாகக் கிள்ளினேன்.

அடுத்த நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் காக்காமல் பத்து மணிக்கே மேஸ்திரி என் பேசினைத் தள்ள வந்தான். காலைத் தூக்கினவன் நிறுத்தினான். குனிந்தான்.

பேசினில் இறால் வெள்ளையாக இல்லை. ரோஸ் நிறம். எனக்கே தெரியவில்லை. ஐஸில் கை மரத்துப் போயிருந்தது.

"கையக் காட்டு" என்றான்.

காட்டவில்லை.

"கையக் காட்டுடி."

காட்டினேன். வலது கை மூணு விரல் வாய் பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. தண்டையார்பேட்டைப் பொண்ணு "யா அல்லா" என்றாள்.

"இது வெளிநாட்டுக்குப் போற மாலு. ரத்தத்தக் கலந்து வச்சிருக்க. அறிவு கீதா?" பேசினைத் தூக்கிக் குப்பை டிரம்மில் கவிழ்த்தான். அரை நாள் வேலை அதில். "எழுந்துரு. கௌம்பு. நாளையிலர்ந்து வராத."

வாயால் சொன்னான். முதல் தடவை.

எழுந்தேன். கெஞ்சிப் பழக்கமில்லை. புடவையில் கையைத் துடைத்தேன்.

"மேஸ்திரி" என்றாள் அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்து. உரித்துக்கொண்டே. "அவள எங்க அனுப்பற?"

"நீ உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். அவ போய்ட்டா யாரு படிப்பா? உன் மூஞ்சியப் பாத்துகினு உரிக்கச் சொல்றியா? சீக்கிரத்துல தூக்கம் வந்துடும், பாத்துக்கோ."

ரெண்டு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி முறைத்தான்.

"உனக்கு இன்னா வேணும்? பேசின் ரொம்பணும். ரத்தம் இருக்கக் கூடாது. அவ்ளோதான? அவ கை தண்ணியில படாது. அவ பேசின நாங்க ரொப்பறோம். ரெண்டு வருஷமா ரொப்பலையா? நீ பாக்காத மாதிரி போய்கினுதான இருந்த?"

மேஸ்திரி நின்றான். "ரெண்டு மணிக்கு ரொம்பலன்னா ரெண்டு பேரும் வெளிய" என்று சொல்லிவிட்டு ஐஸ் மெஷின் பக்கம் போனான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை. "குந்து. போன எடு. முதல் பாகம். படி."

எனக்காகப் பேசியிருக்கிறாள். நான் தலையாட்டியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள். எனக்கு உள்ளே இருந்து அடக்க முடியாமல் வந்தது.

"அக்கா, அந்த விளக்குக்காரி பழசுலயே கீறா."

"எந்தப் பழசுல?"

"முதல் பாகத்துல கீறா. ரெண்டாம் பாகத்துல கீறா. கதவ அவதான் புடிச்சா. அவ புடிச்சதாலதான் அந்தப் பொண்ணு வெளிய போச்சு. அவ கை போய்டுச்சு. எழுதி கீது. நான் படிக்கல. தாண்டிட்டேன்."

உரிக்கிற கைகள் நின்றன.

"தாண்டிட்டியா?"

"ராஜா வராத இடத்த எல்லாம் தாண்டுவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

அக்கா எழுந்தாள். மூட்டு வலிக்காரி. உட்கார்ந்தால் ரெண்டு மணி வரைக்கும் எழ மாட்டாள். எழுந்து ஐஸ் மேல் காலை வைத்துத் தாண்டி என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்களுக்கு இன்னா வேணும்னு நீ யாருமே முடிவு பண்ண?"

"நீங்கதான் சொன்னீங்க. ராஜா எங்க, ராஜா எங்கன்னு. அவ வந்தா கை போடுவியா நீ? விளக்கு தொடைக்கறான்னு படிச்சதுக்கு இன்னா சொன்ன? எங்க வூட்லயும் அதான் பண்றேன்னு சொன்னல்ல?"

"சொன்னேன். கேட்டுட்டு சொன்னேன். கேக்காமயே வுட்டுட்டு சொல்லலையே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான உன் வாய நம்பி கை போட்டேன்? கடைக்காரன் எடக்கல்ல கொறைக்கற மாதிரி கொறச்சிருக்க."

"நீ கை போடலன்னா என் கை இப்டிதான் ஆவும். பாரு. நல்லாப் பாரு." கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் கையைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தாள். "ரத்தத்தக் காட்டி வாய அடைக்காத. எனக்கும் கீது கை."

உண்மைதான். அவள் கையிலும் நகம் ரெண்டு இல்லை. ரெண்டு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

நீட்டின கையை மடக்கினேன்.

அக்கா தன் முந்தானையில் வலது கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "போனக் குடு."

கொடுத்தேன்.

"எங்க கீறா அவ? காட்டு."

ரெண்டாம் பாகம், கடைசி அத்தியாயம். அந்த நாலு வரியைக் காட்டினேன். அக்கா விரலை அதன் மேல் வைத்தாள். துடைத்தும் ஈரம் போகவில்லை. பக்கம் எங்கேயோ ஓடிவிட்டது. மறுபடியும் தேடிக் காட்டினேன். இந்தத் தடவை விரலைப் படாமல் மேலே நிறுத்தினாள். முதல் வரி தொடங்குகிற இடத்தில் இருந்து நாலாம் வரி முடிகிற இடம் வரைக்கும் காற்றில் நகர்த்தினாள்.

"இம்மாந்தானா?"

"இம்மாந்தான்."

"இதப் படிக்க எத்தினி நேரம் ஆவும்?"

"ஒரு இறா உரிக்கற நேரம்."

அக்கா போனைக் கொடுத்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். உட்காரும்போது "அம்மா" என்றாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் தண்டையார்பேட்டைப் பொண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நீ படிச்சவதான? அவ பக்கத்துல ஒட்டிகினு குந்து. கை உரிக்கட்டும், கண்ணு போன்ல இருக்கட்டும். ஒரு வரி வுட்டாளானா சொல்லு."

"சரிக்கா."

"மொதல்ல அந்தச் சின்னக் கத. அப்புறம் முதல் பாகம். விளக்கு, பல்லக்கு, சமையக்காரன், நாய், எது எழுதி இருந்தாலும் படி. எனக்குப் புடிக்கலன்னா நான் திட்டுவேன். அது என் வாயி. நீ தாண்டாத. தாண்டுன, மீதி கையையும் நான் ஒடைப்பேன்."

சொல்லிவிட்டு ஒரு கை இறாலை அள்ளினாள். மெதுவாகப் போடுவது அவள் வழக்கம். அன்றைக்கு எறிந்தாள். என் பேசினில் விழுந்து ஐஸ் தண்ணி என் முகத்தில் தெறித்தது.

நான் படித்தேன். சின்னக் கதையைப் பன்னிரண்டு அத்தியாயமும் மூணு நாளில் படித்தோம். நடுநடுவே திட்டினார்கள். உப்புக்காரன் முதலில் போனது சரியா தப்பா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. "அவன் நின்னிருக்கணும்" என்றாள் ஒருத்தி. "நின்னா ரெண்டு பேரும் உள்ளதான் கெடக்கணும்" என்றாள் இன்னொருத்தி. மூட்டை தூக்குகிறவர் பொண்டாட்டி மட்டும் குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். கதவு இடம் வந்தபோது பேசினில் கை விழவில்லை. யாரும் உரிக்கவே இல்லை. அப்புறம் அக்கா, "அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கலையே, கலீஜு" என்றாள். அதுவரைக்கும் மாலுமி மகளை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. அது வரவில்லை. பக்கத்துப் பொண்ணு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் கூட அக்கா அவளைத்தான் பார்க்கிறாள். அவள் தலையாட்டினால்தான் கை விழுகிறது. எனக்கு அது சுடுகிறது. சுடட்டும்.

கை இன்னும் முழுசாக ஆறவில்லை. பிளந்த விரல் மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் பாகம் போன மாசம் வந்துவிட்டது. பொண்ணு சொன்னாள். ஷெட்டில் நானும் சொன்னேன். "இருக்கட்டும், ஓடியா பூடும்?" என்றாள் அக்கா. நாங்கள் இன்னும் முதல் பாகத்தில் இருக்கிறோம். எல்லாவற்றையும் படிப்பதால் மெதுவாகப் போகிறது.

நேற்று விளக்குக்காரி முதன்முதலில் வருகிற இடம் வந்தது. மாலுமி மகள் அரண்மனைக்குள் நுழைகிறாள். 'ஒருத்தி விளக்கை உயர்த்திப் பிடித்தாள்.' அவ்வளவுதான். பேர் கூட இல்லை. ராஜா இன்னும் மூணு பக்கம் தள்ளி.

படித்தேன்.

"இன்னொரு தபா" என்றாள் அக்கா.

இன்னொரு தரம் படித்தேன்.